துணி போகும் வழி: திருப்பூரின் கட்டடங்களும் பொது நடைகளும்

ஒரு நகரத்தின் கட்டடங்களை விவரம் அறிந்த ஒருவரின் துணையோடு பொதுமக்கள் கூட்டாக நடந்து சென்று பார்ப்பதும், வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் கதவுகளை ஆண்டில் ஓரிரு நாள் ஊருக்காகத் திறந்து வைப்பதும், அவற்றையொட்டிப் பேச்சு, கண்காட்சி, மாணவர் பயிற்சி ஆகியவற்றை நடத்துவதும் கடந்த அறுபது ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் வேரூன்றிய வழக்கங்களாகும். தமிழ்நாட்டில் மரபு நடை என்ற பெயரில் பரவிவரும் இவ்வழக்கம் கோயில், கோட்டை, ஆங்கிலேயர் காலத்து மாளிகை, செட்டிநாட்டு வீடு என்று பார்த்தவுடனே சிறப்புத் தெரியும் கட்டடங்களைச் சுற்றியே பெரிதும் அமைந்திருக்கிறது. அத்தகைய கட்டடங்கள் அருகியதும், பெரும்பகுதி ஒரே தொழிலின் தேவைக்காகக் கட்டப்பட்டதும், இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டதை அனுப்புவதுமான திருப்பூரில் இவ்வழக்கம் எந்த வடிவம் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. தனிக் கட்டடம் ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்பூரைப் புரிந்துகொள்ள இயலாது. நூல் வந்து இறங்கும் இடம் தொடங்கிப் பெட்டியில் அடைத்த ஆடை லாரி ஏறும் இடம் வரை துணி போகும் வழியைத் தொடர்ந்தால்தான் அந்நகரத்தின் கட்டடக்கலை தெரியவரும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நகரத்தை நடந்து பார்ப்பதை ஓர் அறிவுமுறையாக வளர்த்தவர்களுள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடஸ் முதன்மையானவர். உயிரியலாளராகத் தொடங்கி நகரத் திட்டமிடலுக்கு வந்த அவர், எடின்பரோவில் 1892இல் ஒரு கோபுரக் கட்டடத்தை எடுத்து, வருவோர் முதலில் உச்சிக்கு ஏறி நகரத்தைக் கண்ணாரக் கண்டபின், தளம் தளமாக இறங்கி அந்நகரம், நாடு, கண்டம், உலகம் என்று விரியும் கண்காட்சிகளைக் காணுமாறு அமைத்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் 1914இல் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதால் தமிழர் நினைவில் இன்றும் நிற்கும் எம்டன் போர்க்கப்பல் அந்தச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. மீண்டும் திரட்டப்பட்ட பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதே பயணத்தில் சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றை அவர் தெருத்தெருவாக நடந்து பார்த்து எழுதிய அறிக்கைகளில், அகலச் சாலைக்காகப் பழைய தெருக்களை ஒட்டுமொத்தமாக இடிப்பதை எதிர்த்து, பழுதான பகுதியை மட்டும் அளவாக நீக்கி மற்றதைக் காக்கும் முறையை வலியுறுத்தினார். நடப்பதும் பார்ப்பதும் திட்டமிடுதலுக்கு முந்தைய கட்டாயப் படி என்ற அவருடைய எண்ணம் பின்னர் வந்த பொது நடைகள் பலவற்றின் அடியில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வகை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இழப்பின் அச்சத்திலிருந்து பிறந்தன. சிகாகோவில் கட்டடக் கலைஞர் எச். எச். ரிச்சர்ட்சன் வடிவமைத்த கிளெஸ்னர் இல்லத்தை இடிபடாமல் காப்பதற்காக 1966இல் ஒன்றுகூடியவர்கள் தொடங்கிய அமைப்பே, பின்னாளில் பயிற்சி பெற்ற தன்னார்வ வழிகாட்டிகளைக் கொண்டு அந்நகரம் முழுவதையும் சுற்றிக் காட்டும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. லண்டனில் 1992இல் தொடங்கிய திறந்த இல்ல நிகழ்ச்சி, அலுவலகம், பள்ளி, தனியார் வீடு என்று பொதுமக்கள் வழக்கமாக நுழைய முடியாத கட்டடங்களை ஒரு வார இறுதியில் கட்டணமின்றித் திறந்து வைக்கும் முறையை உருவாக்கி, அது பல நாடுகளுக்கும் பரவியது. நகரச் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாக டொராண்டோவில் 2007இல் தொடங்கிய நடைகளோ, நிபுணருக்குப் பதிலாக அந்தந்தத் தெருவில் வாழ்பவரே வழிகாட்டியாவதை அடிப்படையாகக் கொண்டன. இம்மூன்றும் முறையே கட்டடத்தைக் காத்தல், கதவைத் திறத்தல், குடியிருப்பவரைப் பேசவைத்தல் என்று வெவ்வேறு நோக்கங்களை உடையவை. திருப்பூருக்கு மிகவும் வேண்டியவை பின்னிரண்டுமே.

துணித் தொழிலால் எழுந்த நகரங்களுள் அமெரிக்காவின் லோவெல் தனியாகக் கவனிக்கத் தக்கது. மெரிமாக் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி 1820களில் தொடங்கிக் கட்டப்பட்ட பருத்தி ஆலைகள் மூடப்பட்டு நகரம் நலிந்திருந்த நிலையில், 1978இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தது. அங்கே ஆலைக் கட்டடத்தோடு கால்வாய், மதகு, ஆலைப் பெண்கள் தங்கிய விடுதி ஆகியவையும் சுற்றுலாவின் பகுதிகளாயின. பூட் ஆலையின் நெசவுக் கூடத்தில் தறிகள் ஓடும் பேரிரைச்சலைப் பார்வையாளர் காதால் கேட்கும்படி விட்டிருக்கிறார்கள். ஆலை, நீர், குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காட்டியதே அதன் வலிமை. எனினும் லோவெலில் தொழில் ஓய்ந்தபின்தான் கட்டடம் காட்சிக்கு வந்தது. திருப்பூரில் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உயிரோடிருக்கும் தொழிலின் கட்டடங்களைப் பார்ப்பதற்கு வேறு நெறி வேண்டும்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி, ஆலை நகரமாக இருந்த அகமதாபாத். அங்கே 1997 நவம்பரில் மாநகராட்சியே தொடங்கிய மரபு நடை, காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் காலையில் தொடங்கி, போல் எனப்படும் வாயிற்கதவுகளோடு கூடிய நெருக்கமான குடியிருப்புச் சந்துகளின் வழியாகச் சென்று ஜும்மா மசூதியில் முடிகிறது. பெரிய சின்னங்கள் நடையின் இரு முனைகளில் நிற்க, இடைப்பட்ட வழி முழுவதும் சாதாரண மக்களின் வீடுகளாக இருப்பதே அதன் தனிச்சிறப்பு. 2017இல் அந்நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முதல் இந்திய நகரமானதற்கு, இருபது ஆண்டுகளாக மாநகராட்சி இந்த வழியைக் கவனித்து வந்தமையும் ஒரு காரணமெனக் கொள்ளலாம். சென்னையிலோ 2004 முதல் ஆகஸ்ட் 22ஆம் நாளையொட்டி நடைபெறும் சென்னை தின நிகழ்ச்சிகளை, வரலாற்று எழுத்தாளர் எஸ். முத்தையா உள்ளிட்ட சிலர் அரசின் துணையின்றித் தொடங்கினர். யார் வேண்டுமானாலும் தம் பகுதியில் ஒரு நடையையோ பேச்சையோ நடத்தலாம் என்ற தளர்ந்த அமைப்பே அதை நிலைக்கச் செய்தது. அண்டை நகரமான கோவையில் கோயம்புத்தூர் விழா 2008 முதல் தொழில்முனைவோரின் முயற்சியால் நடந்துவருகிறது.

எனினும் தமிழில் நடந்த இவ்வகை முயற்சிகளுள் ஆழமானதென்று மதுரையின் பசுமை நடையையே சொல்ல வேண்டும். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் எழுந்த காலத்தில், எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய அந்நடை, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கும் சமணர் படுகைகளுக்கும் குடும்பம் குடும்பமாக மக்களை அழைத்துச் சென்றது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டுகளைப் படித்து எளிய தமிழில் விளக்க, முதியோரும் குழந்தைகளும் பாறைமேல் அமர்ந்து கேட்டனர். பேசப்பட்டவை நூலாகவும் வெளிவந்தன. பேராசிரியரின் அறிவும் ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தின் உற்சாகமும் ஒன்றையொன்று குறைக்காமல் சேர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

இம்முறைகளை அப்படியே எடுத்துத் திருப்பூரில் நடைமுறைப்படுத்தினால், நடை நகரத்தை விட்டு வெளியே போய்விடும். அவிநாசி இலிங்கேசுவரர் கோயில், சிற்பிகளின் ஊராகவும் விளங்கும் திருமுருகன்பூண்டியின் சிவன் கோயில், சர்க்கார் பெரியபாளையத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சுக்ரீசுவரர் கோயில் ஆகியவை சிறப்பு மிக்கவைதாம்; நொய்யல் ஆற்றங்கரையில் கீழே போனால், பதிற்றுப்பத்தில் பேசப்படும் கொடுமணம் என்று அறிஞர் கருதும் கொடுமணலில், மணிக்கற்களை அறுத்து மெருகிட்ட பண்டைத் தொழிலிடமே அகழ்ந்து காணப்பட்டிருக்கிறது. ஆனால் இவற்றைப் பார்த்துத் திரும்பும் ஒருவர், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஒன்பதரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் எப்படிக் கட்டப்பட்டது என்பதை அறியாமலே திரும்புவார். திருப்பூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஊர்க்காரரே கேட்பதற்குக் காரணம், கட்டடக்கலை என்றால் அழகுக்காகக் கட்டியது என்ற எண்ணம் ஆழப் பதிந்திருப்பதே. பயன்பாடு, பணவரவு, நிலத்தின் விலை, நீர், மின்சாரம், அரசு விதி ஆகியவை சேர்ந்து ஒரு சுவரை எங்கே எழுப்ப வைத்தன என்று கேட்பதும் கட்டடக்கலை ஆய்வுதான்.

திருப்பூரின் வளர்ச்சிக்கு முதல் வித்து ரயில் பாதை. 1862இல் போத்தனூர் வரை நீண்ட சென்னை ரயில்வேயின் பாதையில் அமைந்த நிலையத்தைச் சுற்றி, கொங்குக் கரிசலின் பருத்தி வந்து குவியும் மண்டிகளும், கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைகளும், பஞ்சுப் பொதி அடுக்கும் குடோன்களும் தோன்றின. அடுத்து வந்தது கதர். காந்தியடிகள் பலமுறை வந்து சென்ற இவ்வூர் கதர் உற்பத்தியின் பெரும் மையமாக விளங்கியது. 1932 ஜனவரியில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் தடியடிபட்டு 11ஆம் நாள் உயிர்நீத்த கொடிகாத்த குமரனின் நினைவிடம் ரயில் நிலையத்தருகே இருப்பதும், பஞ்சு வணிகக் குடும்பத்திலிருந்து விடுதலைப் போராட்டத்துக்கு வந்த பி. டி. ஆஷர், பத்மாவதி ஆஷர் இணையரின் நினைவு ஆஷர் நகர், பத்மாவதிபுரம் என்ற பகுதிப் பெயர்களில் தங்கியிருப்பதும் அக்காலத்தின் தடங்கள். நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடப்பவர், பருத்தி, கதர், பனியன் என்ற மூன்று காலங்களையும் ஒரே தெருவில் கடந்துவிடுகிறார். ஆனால் அவருக்கு அதைச் சொல்ல அங்கே ஒரு பலகையும் ஒரு வழிகாட்டியும் வேண்டும்.

பின்னல் தொழில் கல்கத்தாவின் வழியாக வந்தது. 1920களின் நடுப்பகுதி தொடங்கி, கல்கத்தாவிலிருந்து கையால் சுற்றும் பின்னல் இயந்திரங்களை முஸ்லிம் வணிகர்கள் கொண்டுவந்து நிறுவினர் என்பது ஊர் வரலாறு. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் இப்பகுதிக்கு எட்டியபோது கை இயந்திரம் மோட்டாருக்கு மாறியது. உழவை விட்டு வந்த கொங்கு வேளாளர் முதலில் இக்கம்பெனிகளில் தொழிலாளராகச் சேர்ந்து, பின்னர் சிறு முதலாளிகளாகி, உடலுழைப்பையே தம் மூலதனமாகப் பேசிய வரலாற்றைப் புவியியலாளர் ஷரத் சாரி 2004இல் வெளிவந்த பிராட்டர்னல் கேபிடல் என்ற நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்நூல் கட்டடத்தைப் பற்றியதன்று. ஆயினும் திருப்பூரின் கட்டட வடிவத்துக்கு அதுவே சிறந்த விளக்கம் தருகிறது. தொழிலாளி முதலாளியாகும்போது பெரிய ஆலை கட்டுவதில்லை. நான்கு இயந்திரம் வாங்கி, வீட்டின் ஆசாரத்திலோ, அதாவது முன்கூடத்திலோ, வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையிலோ போடுகிறார். ஒவ்வொருவரும் தொழிலின் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஜாப் ஒர்க் எனப்படும் கூலிக்குச் செய்து தரும் முறை பரவி, ஓர் ஆலைக்குள் அடங்கியிருக்க வேண்டிய படிகள் நூறு சந்துகளில் சிதறின. கோவையின் நூற்பாலைகள் மதிலுக்குள் நின்ற தனி உலகங்கள். திருப்பூரின் பனியன் கம்பெனியோ தெருவோடு கலந்தது.

ஆகவே துணியைப் பின்தொடரும் நடை நிட்டிங் கம்பெனியில் தொடங்க வேண்டும். நூற்பாலைகளிலிருந்து கோன்களாக வரும் நூலை வட்ட வடிவப் பின்னல் இயந்திரம் குழல்போன்ற துணியாகப் பின்னுகிறது. இயந்திரத்தின் எடையும் அதிர்வும், சுருண்டு விழும் துணி உருளைகளின் பளுவும் தரைத்தளத்தையே வேண்டுகின்றன. நூல் கோன்கள் அடுக்கிய தாங்கிகளுக்கும், பறக்கும் பஞ்சுத் துகளை வெளியேற்றும் காற்றோட்டத்துக்கும் உயரமான கூரை வேண்டியிருக்கிறது. பழைய பிரிவுகளில் இரும்புச் சட்டத்தின்மேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கொட்டகையும், பிற்காலத்தவற்றில் கான்கிரீட் தளமும் காணப்படுவது, ஒரு தலைமுறையின் சேமிப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பழைய நூற்பாலைகளில் இரம்பப் பல் போல அடுத்தடுத்து ஏறி இறங்கும் கூரை உண்டு. அதன் செங்குத்தான பக்கத்தில் வடக்கு நோக்கிக் கண்ணாடி பொருத்தினால், நேர்வெயில் படாமல் சீரான வெளிச்சம் மட்டும் உள்ளே இறங்கும். இக்கூரையைத் திருப்பூர்ப் பகுதியின் பழைய ஆலைகளிலும் பார்வையாளருக்குக் காட்டி, குழல்விளக்குக்கு முந்தைய காலத்தில் வெளிச்சமே ஒரு கட்டுமானப் பொருளாக இருந்தது என்பதை விளக்கலாம்.

வெளுப்பும் சாயமும் முடிந்து, சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் என்ற வெப்ப அழுத்தத்தைக் கடந்து துணி வந்து சேர்வது கட்டிங் கூடம். அதன் அளவைத் தீர்மானிப்பது மேசை. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் பல ஆடைகளுக்கான துண்டுகளை எடுக்க வேண்டியிருப்பதால், மேசை நீண்டுகொண்டே போக, அறையும் நீண்டு ஒடுங்கியதாகிறது. கட்டிங் மாஸ்டரின் கையளவுக்கும் நடைக்கும் ஏற்பத் தூண்களின் இடைவெளி அமைந்த கூடங்களை இன்றும் காணலாம். அங்கிருந்து துண்டுகள் பவர் டேபிளுக்குப் போகின்றன. பல தையல் இயந்திரங்களை ஒரு நீண்ட மேசையில் வரிசையாக வைத்து ஒரே மோட்டாரால் ஓட்டிய பழைய அமைப்பிலிருந்து வந்த இப்பெயர், இப்போது கூலிக்குத் தைத்துத் தரும் சிறு பிரிவு எதையும் குறிக்கிறது. தையல் இயந்திரம் இலகுவானதால் அது மாடிக்கு ஏறிவிடும். எனவேதான் கீழே கட்டிங், நடுவில் தையல், மேலே செக்கிங்கும் அயர்னிங்கும் பேக்கிங்கும் என்று அடுக்கிய குறுகிய மாடிக் கட்டடங்கள் 1980களுக்குப் பின் பெருகின. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள் தேவை, கைமடி தேவை என்று கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டப்படும் தாள்கள் கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடுகின்றன. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே துணிமூட்டை ஏற்றிய மொபெட்டும் டெம்போவும் ஓடிக்கொண்டே இருப்பதால், வேறிடத்தில் ஆலைக்குள்ளிருக்கும் நடைவழியின் வேலையை இங்கே தெரு செய்கிறது. வழியின் மறுமுனை காதர்பேட்டை: ஏற்றுமதியில் மிஞ்சியதும் உள்நாட்டுச் சரக்கும் சிறு கடைகளில் குவிந்து கிடக்கும் அச்சந்தையை, நகரத்தின் எல்லாக் கட்டடங்களிலிருந்தும் ஒவ்வொரு துணியாக வந்து சேரும் இடமென்று கொண்டு நடையின் முடிவாக வைப்பது பொருந்தும்.

ஏற்றுமதி, கட்டடத்தின் முகத்தை மாற்றியது. 1978ஐ ஒட்டி இத்தாலியிலிருந்து இறக்குமதியாளர் ஒருவர் வந்ததைத் தொடக்கமாகச் சொல்வது ஊர் வழக்கு. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் உருவானது. நாடு வாரியாக இறக்குமதி அளவை வரையறுத்த கோட்டா முறை 2005 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது, எல்லாப் படிகளையும் ஒரே வளாகத்தில் கொண்ட பெரிய கம்பெனிகள் முன்னுக்கு வந்தன. நகருக்கு வெளியே அமைந்த நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா அந்த மாற்றத்தின் விளைவு. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24ஆம் நாள் ராணா பிளாசா இடிந்து 1,100க்கு மேற்பட்ட தொழிலாளர் இறந்தபின், தீ வெளியேறு வழி, படிக்கட்டின் அகலம், தூணின் தாங்குதிறன் ஆகியவற்றை அயல்நாட்டு வாங்குவோரின் தணிக்கையாளர்கள் மேலும் கண்டிப்பாகச் சோதிக்கலாயினர். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருப்பூரில் வழிகாட்டியோடு கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் வழக்கம் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. பையர் என்று அழைக்கப்படும் வாங்குவோருக்கும் ஆடிட் செய்பவருக்கும் ஒவ்வொரு தளமும் விளக்கிக் காட்டப்படுகிறது. பக்கத்துத் தெருவில் வளரும் பிள்ளை மட்டும் அந்தக் கேட்டுக்குள் போனதில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வருபவருக்குத் திறக்கும் கதவை ஆண்டுக்கு ஒரு நாள் அனுப்பர்பாளையத்துப் பள்ளி மாணவருக்கும் திறப்பது முடியாத காரியமன்று. லண்டன் முறையிலிருந்து திருப்பூர் எடுத்துக்கொள்ளத் தக்க முதற்பாடம் இதுவே.

துணியின் வழியில் ஒரு பெரும்பகுதி நீரோடு சேர்ந்தது. நொய்யலும் அதில் கலக்கும் நல்லாறும் சாயப்பட்டறைகளின் இருப்பிடத்தைத் தீர்மானித்தன. அவற்றின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்து, பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்கழிவுத் தேக்கமாக மாற்றியது. அத்துயரத்தை எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை' நாவலில் பதிவு செய்தார். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின், சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் கொண்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நகரின் புதிய வகைக் கட்டடங்களாக நிலைபெற்றன. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரும் வகையில் அமைத்த தனித் திட்டமும் இதே வரலாற்றின் பகுதி. இவற்றை விட்டுவிட்டுக் கம்பெனியை மட்டும் காட்டும் நடை விளம்பரமாகிவிடும்; அணைக்குக் கீழே நிலம் கெட்ட உழவரையும் நடையில் பேச அழைப்பது நேர்மை. ஆற்றங்கரை நடை ஒன்று, வெளுப்புத் துறை, சாயப்பட்டறை, சுத்திகரிப்பு நிலையம் என்று நீரின் போக்கிலேயே அமைந்து, நல்லாற்றின் நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளத்தில் முடியலாம். இக்குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இதற்குப் பின்னால், காலையில் தொலைநோக்கியோடு வந்து பறவை எண்ணிய உள்ளூர் இயற்கை ஆர்வலர்களின் நெடுங்காலப் பதிவுகள் இருக்கின்றன. கூட்டாக நடந்து, பார்த்து, எழுதி வைப்பதால் ஓர் இடத்தின் மதிப்பை அரசு ஏற்கச் செய்ய முடியும் என்பதைத் திருப்பூர் ஏற்கெனவே தன் மண்ணில் காட்டியிருக்கிறது.

மிகுந்த கவனம் வேண்டுவது குடியிருப்பு. லைன் வீடு என்பது ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் ஓரறை அல்லது ஈரறை வீடுகள். நடுவில் குறுகிய முற்றம், ஓரத்தில் பொதுக் கழிப்பறை, வாசலில் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம். முதலில் தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளருக்காக நிலவுடைமையாளர் கட்டிய இவ்வீடுகளே எண்ணிக்கையில் நகரின் முதன்மையான கட்டட வகைகளுள் ஒன்று. கொங்குக் கிராமத்தில் உறவினர் வீடுகள் ஒரு பொதுவெளியைச் சூழ்ந்து நிற்கும் வளவு என்ற அமைப்போடு இதை ஒப்பிட்டு ஆராய்வது, எது தொடர்ந்தது எது அறுந்தது என்பதைத் தெளிவாக்கும். ஆனால் பிறர் வறுமையைப் பார்க்கப் போவது நடையாகாது. மும்பையின் தாராவியில் 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய சுற்றுலா படமெடுப்பதைத் தடை செய்து அந்தக் குற்றச்சாட்டை எதிர்கொண்டது. லோவெலிலோ விடுதியொன்றில் ஆலைப் பெண்களின் அறை, சாப்பாட்டு மேசை, கடிதங்கள் ஆகியவை காட்சியாக அமைக்கப்பட்டதால் இன்று குடியிருப்போர் எவரையும் தொந்தரவு செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு பழைய லைன் வீட்டு வரிசையை மாநகராட்சியோ தொழிற்சங்கமோ வாங்கி அவ்வாறு அமைப்பதே திருப்பூருக்கு உகந்த வழி. சென்னையை அடுத்த தட்சிணசித்ரா, நெசவாளர் வீட்டையும் கைவினைஞர் வீட்டையும் பெயர்த்துக் கொண்டுவந்து 1996 முதல் காட்டிவருவதால், தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரியும் உண்டு.

நடையை யார் நடத்துவது, எப்போது நடத்துவது என்பவை சிறிய கேள்விகளல்ல. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓயும் நகரத்தில், வார நாளில் வைக்கும் நடைக்குத் தொழிலாளர் வரமாட்டார். ஞாயிறு காலை வைத்தால் இயந்திரங்கள் நின்றிருக்கும், ஆகவே கட்டடத்தை அமைதியாகப் பார்க்கலாம், இயக்கத்தைப் பார்க்க வேறு நாள் வேண்டும். விளக்கம் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருந்தால்தான் நகரத்தைத் தைப்பவர்களில் கணிசமானோர் அதன் பார்வையாளராக முடியும். வழிகாட்டியாகப் பயிற்சி பெறத் தகுதி மிக்கவர்கள் ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர்கள், நிட்டிங் ஃபிட்டர்கள், கட்டுமான மேஸ்திரிகள். முதலிபாளையத்திலுள்ள நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியின் மாணவர்கள் அவர்களோடு இணைந்து வரைபடங்களைத் தயாரிக்கலாம். ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரளும் திருப்பூர்ப் புத்தகத் திருவிழா, இதையொட்டிய பேச்சுக்கும் கண்காட்சிக்கும் ஆயத்தமான மேடை. அகமதாபாத்தைப் போல மாநகராட்சி வழியைப் பராமரிப்பதும், சென்னையைப் போல நிகழ்ச்சியை ஊரார் கையில் விடுவதும் சேர்ந்த கலப்பு முறையே இங்கு நிலைக்கும் என்று தோன்றுகிறது. முழுதும் ஏற்றுமதியாளர் சங்கங்களின் பொறுப்பில் விட்டால் சாயமும் லைன் வீடும் வழியிலிருந்து விலகிவிடும் அபாயம் உண்டு.

காலம் நெருக்குகிறது. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இலேயே நிறைவேறியது. ஆனால் மரபு என்பதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கும் பவர் டேபிள் மாடிக்கும் இடமில்லை. பொலிவுறு நகரத் திட்டத்தில் பழைய பேருந்து நிலையமும் சந்தைகளும் இடித்துக் கட்டப்பட்டன. நிலத்தின் விலை ஏற ஏற, நகர் நடுவிலுள்ள பழைய ஜின்னிங் ஆலைகளும் முதல் தலைமுறைப் பனியன் கம்பெனிகளும் வணிக வளாகங்களுக்கு வழிவிடுகின்றன. எல்லாவற்றையும் காக்க முடியாது, காக்க வேண்டியதும் இல்லை. ஆனால் இடிக்கும் முன் அளந்து வரைந்து, படமெடுத்து, அங்கே வேலை செய்தவரின் பேச்சைப் பதிவு செய்வதற்குச் சட்டம் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. மும்பையின் ஆலைப் பகுதியான கிரண்காவில், கட்டடக் கலைஞர் நீரா அடார்க்கரும் மீனா மேனனும் தொழிலாளரின் நூறு குரல்களைத் தொகுத்து 2004இல் நூலாக்கியபோது, அவர்கள் பேசிய ஆலைகளுள் பல ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. திருப்பூரில் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் இருபது வயதினராகக் கலந்துகொண்டவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். எந்தச் சந்தில் எந்தக் கம்பெனி இருந்தது, எந்த மாடியில் எத்தனை இயந்திரம் ஓடியது, கூட்டம் எந்தத் திண்ணையில் கூடியது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள் அவர்களே. ஆகவே நடைக்கான முதல் வேலையை அவர்கள் வீடுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.